பச்சையை வெட்டுகிறவளும் வெள்ளையைப் பிடுங்குகிறவரும்

செத்துவிட்டார் என்று நான் நினைத்தவரே வந்து எனக்கு வாசல் கேற்றைத் திறந்துவிட்டார்.

இது நடந்தது சித்திரை வெயிலில். இத்தனை நாளாக ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். தடையுத்தரவு! "முடிவு தெரியாமல் எழுதிப் போட்டியோ... பிறகு என்ரை வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது" என்று தவமணி சொல்லியிருந்தாள். போன கிழமை முடிவு தெரிந்துவிட்டது. தடையும் நீங்கிவிட்டது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

தவமணி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் வீடு. கணவர் குணரத்தினம் – எனக்குக் குணம் அண்ணை – தோட்டம் செய்கிறவர். மிளகாய், வெங்காயம், கொஞ்சம் வாழை.

அன்று காலை தவமணியிடமிருந்து போன். "எல்லாம் போச்சடி... ஒருக்கா வந்திட்டுப் போ." அவ்வளவுதான். பிறகு அழுகை. பிறகு போன் கட்.

நீங்கள் என்றால் என்ன நினைப்பீர்கள்? குணம் அண்ணைக்குப் போன வருடம்தான் நெஞ்சு வருத்தம் ஒன்று வந்து போனது. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்தினேன். அரியாலையில் பஸ் ஏறி, டவுனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து... வழி முழுக்க அவரைப் பற்றிய நல்லதுகளையே நினைத்துக்கொண்டு போனேன். மனிசனைப் பற்றி நான் அவ்வளவு நல்லதாக நினைத்தது அதுதான் முதல் தடவை.

போனால் வாசலில் பந்தல் இல்லை, பறை இல்லை, ஆட்கள் இருக்க ஒரு கதிரைகூட இல்லை. கேற்றைத் தட்டினேன். குணம் அண்ணை வந்து திறந்தார்!

"வாங்கோ தங்கச்சி" என்றவர் என் சேலையை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கை, செத்தவீட்டுக்கோ போட்டு வாறியள்?"

"ஓம் அண்ணை... இல்லை அண்ணை..." என்று உளறினேன்.

"அவ பின்னுக்கு நிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தியாரிடம் அகப்பட்ட பிள்ளையின் முகம் அது.

பின்வளவில் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் தவமணி குந்தியிருந்தாள். முன்னால் ஒரு வாழையிலை. அதில் சாம்பல் ஒட்டிய தண்டுத் துண்டுகள். சுற்றிலும் கிழிந்த இலைகள் – பாதி பச்சை, பாதி பால் வெள்ளை.

போனது குணம் அண்ணை அல்ல. மொன்ஸ்டெரா.

சிரிக்காதீர்கள். அந்தச் செடியை ஒருமுறை பார்த்திருந்தால் நீங்களும் வெள்ளைச் சேலையோடுதான் போயிருப்பீர்கள்.

மொன்ஸ்டெரா என்றால் தெரியும்தானே? பெரிய இலை. விளிம்பிலிருந்து உள்ளே கீறிக் கீறி வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். கொழும்பில் கொஞ்சம் நாகரிகமான கடை எதற்குள் போனாலும் மூலையில் ஒன்று நிற்கும். அது முழுப் பச்சை. தவமணியிடம் இருந்தது அதிலேயே அருமையாகக் கிடைக்கிற வகை. இலையில் வெள்ளை கலந்திருக்கும். ஓர் இலையில் சுண்ணாம்பைத் தெளித்தது போலப் புள்ளி புள்ளியாக... அடுத்த இலையில் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் வெள்ளை. அதற்கடுத்தது எப்படி வரும்? சுருள் விரிகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. விரிகிற நாளில் எனக்கு வட்ஸ்அப்பில் படம் வந்துவிடும். எத்தனை படம் பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

தவமணியின் தங்கை மகள் கொழும்பில் கொடுத்துவிட்ட ஒற்றைத் துண்டு அது. ஒரு கணு, ஓர் இலை, அவ்வளவுதான். தவமணி அதை ஈரத் துணியில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அதை யன்னல் உயரத்துக்கு வளர்த்தெடுத்தாளே... கெட்டிக்காரி!

எங்கே படித்தாள்? யூடியூப்பில்தான். ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பாள். "உவையள் இங்கிலீசிலை கதைக்கிறதைக் கேட்டா எனக்குக் குழம்பிப் போகும். நான் கையை மட்டும் பாப்பன். எங்கை வெட்டினம், எவ்வளவு தாட்டினம்... அது காணும்."

செம்மண் உதவாதாம். தண்ணீரைப் பிடித்து வைத்து வேரை அழுக்கிவிடும். தேங்காய்த் தும்புச்சோறு, கரித்துண்டு, உடைத்த ஓடு – இந்தக் கலவைதான். வெட்டின இடத்தில் கறுவாப்பட்டைத் தூள். வேர் பிடிக்க வைப்பதற்குக் கழுவின யோகட் கப்; வேர் ஓடுவது வெளியே தெரியுமல்லவா? வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. வெள்ளைப் பக்கம் வெயிலுக்குக் கருகிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்று மழைத் தண்ணீரைப் பிடித்துப் போத்தல் போத்தலாகச் சேர்த்து வைப்பாள். ஒருநாள் தாகத்துக்கு ஒரு போத்தலை எடுத்துவிட்டேன். "எடியே, குடிச்சுப்போடாதை! அது மொன்ஸ்டெராவுக்கு!" என்று பறித்தாளே பார்க்கலாம்...

என் கதை வேறு. என் வீட்டில் பிளாஸ்டிக் பூவே வாடும். அதனால்தான் இந்தக் கலையைக் கண்டால் எனக்கு வாய் பிளந்துவிடுகிறது.

"உதை வெட்டி வெட்டி வைச்சு விக்கலாமேடி. ஆக்கள் தேடித் திரியினம்" என்று ஒருமுறை கேட்டேன்.

அவள் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இந்த வளவிலை வாற எல்லாம் விக்கத்தானே போகுது. நான் நட்டது, நான் களை பிடுங்கினது, நான் பாத்தி பாத்தியாத் தண்ணி மாறினது... எல்லாம் விடியவெள்ளனை இந்த மனிசன்ரை மோட்டச்சைக்கிளிலை ஏறிச் சந்தைக்குப் போயிடும். இது ஒண்டுதான் எங்கையும் போகாது. இது என்ரை."

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவள் வாயில் "என்ரை" என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்த என்ரையைத்தான் இப்போது குப்பைக் கிடங்கிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சரி, குணம் அண்ணை ஏன் அதைக் கொத்திக் கிடங்கில் போட்டார்? பொறாமையா? ஆத்திரமா? இரண்டும் இல்லை. அவர் செய்தது வைத்தியம்!

மிளகாய் செய்கிறவர்களுக்கு இலையில் வெள்ளையோ மஞ்சளோ திட்டுத் திட்டாகக் கண்டால் வேறு வேலை ஓடாது. வைரஸ். ஒரு மிளகாய்க் கண்டிலிருந்து மற்றக் கண்டுக்கு ஈயும் பூச்சியும் காவிக்கொண்டு போய்விடும். மருந்து கிடையாது. கண்டவுடன் பிடுங்கி, கொத்தி, கிடங்கில் போட்டுச் சாம்பல் கொட்ட வேண்டியதுதான். சில வருடங்களுக்கு முன், பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டதால் ஒரு தறை நிறைய நின்ற மிளகாய் முழுவதையும் உழுது மண்ணுக்குள் தாட்டவர் அவர். அந்தக் கிழமை அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை என்று தவமணியே சொல்லியிருக்கிறாள்.

மொன்ஸ்டெரா வீட்டு ஹோலுக்குள் இருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. இந்தச் செடியில் இடைக்கிடை முழுப் பச்சையாக ஒரு துளிர் கிளம்பும். அதற்குத் தெம்பு கூட. விட்டால் அதுவே மளமளவென்று வளர்ந்து, வெள்ளை கலந்த பக்கத்தை அமுக்கிவிடும். ஆகவே பச்சையைக் கண்டால் தவமணி பிளேட்டை எடுத்து வெட்டிவிடுவாள். வாழ்நாள் முழுக்க வெள்ளையைப் பிடுங்கிப் பச்சையைக் காப்பாற்றின மனிசன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்!

"சுகமா இருக்கிறதை வெட்டி எறிஞ்சுபோட்டு வருத்தக்காரனுக்குத் தண்ணி ஊத்திறா. உவவுக்கு விசர், தங்கச்சி" என்று என்னிடமே முறையிட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, இது இந்த அளவுக்கு வரும் என்று தெரியவில்லை.

தவமணி சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் தங்கல். ஹோலைப் பூட்டிவிட்டுப் போனால் வெக்கை என்று செடியை விறாந்தையில் எடுத்து வைத்தாள். விறாந்தைக்கு நேர் முன்னால் மிளகாய்த் தறை. அடுத்த நாள் காலை குணம் அண்ணை பார்க்கிறார்... நாலைந்து மிளகாய்க் கண்டின் நுனி சுருண்டிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்க்கிறார். எதிரே, தன் வாழ்க்கையில் கண்டதிலேயே மோசமாக நோய் பிடித்த செடி ஒன்று சாடியில் நிற்கிறது!

"அவ வாறதுக்குள்ளை விறாந்தையிலை நிக்கிற மற்றப் பூச்சாடியளையாவது காப்பாத்துவம் எண்டு நினைச்சன்" என்றார் என்னிடம். மெய்யாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவள் வந்து நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்திருக்கிறார், பாவம்.

மறுபடி கிடங்கடிக்கு வருவோம். தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன் கமராவால் துண்டு துண்டாகப் பெருப்பித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

"என்னடி தேடுறாய்?"

"கண்."

தண்டில் கணுவுக்குக் கணு ஒரு சின்னக் கண் இருக்கும். துளிர் அதிலிருந்துதான் வரும். அதோடு முடியவில்லை. தண்டிலும் பச்சைக் கோடு, வெள்ளைக் கோடு ஓடும். கண் பச்சைக் கோட்டில் இருந்தால் வருவது வெறும் பச்சை. வெள்ளைக் கோட்டில் இருந்தால் முழு வெள்ளை. அது நிலைக்காது, பச்சை இல்லாத இலைக்குத் தன் சாப்பாட்டைத் தானே ஆக்கத் தெரியாது. இரண்டு கோடும் தொடுகிற விளிம்பில் கண் இருந்தால்தான் அந்தப் பாதிக்குப் பாதி.

குணம் அண்ணை கொத்துகிற கொத்தில் கண்ணைப் பார்த்தா கொத்தினார்? ஐந்து துண்டில்தான் கண் தப்பியிருந்தது. அந்த ஐந்தில் விளிம்பில் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கொஞ்சம் நசிந்துபோயிருந்தது.

"செடியைப் பெருக்கிறதுக்கும் இப்பிடித்தானேடி துண்டு போடுவினம்..." என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், வந்த அலுவல் முடிந்தது என்று எழும்பிவிட்டேன்.

ஐந்து யோகட் கப்பும் யன்னலோரம் வரிசையாக ஏறின. அன்றிலிருந்து தவமணிக்குக் கணவனோடு கோவம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் கோவம் என்றால் கத்துவது அல்ல. கதை பேச்சு இல்லை என்று அர்த்தம். சோறு வரும், தேத்தண்ணி வரும், தோய்த்த சாரம் மடித்து வைக்கப்படும். சொல் மட்டும் வராது.

ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு அலுவல் ஓட வேண்டுமே, என்ன செய்வது? அரியாலையில் நான் ஒருத்தி இருக்கிறேனே! காலையில் அவள் எடுப்பாள்: "காஸ் முடியுது எண்டு உந்த மனிசனுக்குச் சொல்லு." நான் அவருக்கு எடுத்துச் சொல்வேன். அவர் தோட்டத்தில் நின்று, "பின்னேரம் எடுத்துத் தாறன் எண்டு சொல்லுங்கோ" என்பார். மறுபடி அவளுக்கு. இருபதடி தூரத்தில் நிற்கிற இரண்டு பேரின் கதை அரியாலைக்கு வந்து திரும்பிப் போகும். என் போன் ரீலோட் காசெல்லாம் இவர்களுக்கே போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குணம் அண்ணை சும்மா இருக்கவில்லை. என் மூலமாக அனுமதி கேட்டு யன்னலுக்கு வெளியே நிழல் வலை கட்டினார். மிளகாய்க்கு மருந்து அடிக்கிற நாளில் அந்த யன்னலை முதலில் சாத்திவிட்டுத்தான் டாங்கியை முதுகில் போட்டார். வைகாசியில் ஒருநாள் எதிர்பாராமல் மழை கொட்டியது. வெங்காயத்தை மூட ஓட வேண்டிய மனிசன், முதலில் அண்டா குண்டான் எல்லாவற்றையும் முற்றத்தில் அடுக்கிவிட்டு, பிறகுதான் வெங்காயத்துக்கு ஓடினார். தவமணி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"அண்டைக்குக் கொஞ்சம் மனம் இளகிச்சுது" என்று எனக்குச் சொன்னாள்.

"அப்ப கதையன்."

"விளிம்புக் கண்ணிலை துளிர் வரட்டும்."

இரண்டு துண்டு அழுகிப்போனது. ஒன்றில் துளிர் வந்தது. வெறும் பச்சை. அதைப் பார்த்துவிட்டு அவள் ஒரு நாள் முழுக்க என்னோடும் கதைக்கவில்லை. விளிம்புக் கண் உள்ள துண்டு வேர் விட்டும் துளிர்க்காமல் உறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்துத் துளிர்த்தது வெள்ளைக் கோட்டுத் துண்டு. குணம் அண்ணைதான் எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு இலை விரிஞ்சிருக்கு. பொட்டுப் பச்சை இல்லை. தாள் மாதிரி. உது உயிர் தப்பாது, எனக்குத் தெரியும்." பிறகு சொன்னார்: "ஆனா நல்ல வடிவு."

குணம் அண்ணை "வடிவு" என்று எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. "வடிவா" என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வடிவாப் பார், வடிவாக் கட்டு, வடிவாக் கழுவு. அழகுக்கும் கவனத்துக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே சொல்தான். அவர் இலைகளை வடிவாகப் பார்த்தது முழுவதும் நோய் தேடுவதற்காக. பார்த்த இடத்தில் வடிவைக் கண்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவர் விடியப்புறம் தோட்டத்துக்கு இறங்க முதல் அந்த வெள்ளை இலையைப் போய்ப் பார்ப்பாராம். தவமணி குசினிக்குள் நின்று கவனித்திருக்கிறாள். அந்த இலை கொஞ்ச நாள்தான் இருந்தது. விளிம்பு பழுப்பேறி, தண்டோடு சோர்ந்து போனது. கடைசி வரைக்கும் அவர் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. தப்பாது என்று தெரிந்த ஒன்றுக்கும் மினக்கெட்டு நேரம் ஒதுக்குகிற மனிசரை எனக்குப் பிடிக்கும். அவரை இவ்வளவு காலமும் வெறும் வெங்காயக் கணக்காக நினைத்திருந்ததற்கு என்னையே கடிந்துகொண்டேன்.

போன கிழமை ஒருநாள், நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன். போன்.

"எடியே, வந்திட்டுதடி! விளிம்புக் கண்ணு! பாதி வெள்ளை, பாதி பச்சை... முந்தினதைவிட வடிவா வருது!" தவமணி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் வாய் நிறையப் பற்பசையோடு கத்தினேன். அந்த நசிந்த கண்ணை இவ்வளவு நாளும் தட்டி எழுப்பினவளை என்னவென்று பாராட்டுவது? "அவரிட்டைச் சொல்லு" என்றாள் கடைசியில், "கிட்டப் போய்க் கை வைக்க வேண்டாமெண்டு."

போனை வைத்து வாய்கூடக் கொப்பளிக்கவில்லை, மறுபடி போன். "தங்கச்சி, துளிர் வந்திட்டுது! நான்தான் முதல் கண்டனான். அவவிட்டைச் சொல்லுங்கோ..."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். இரண்டு பேரும் ஒரே யன்னலடியில் நின்று ஒரே துளிரைப் பார்க்கிறார்கள். அதைச் சொல்வதற்கு நான் அரியாலையில் இருந்து வேண்டுமா? "இனி நான் சொல்லமாட்டன் அண்ணை. துளிர் வந்தாக் கதைப்பன் எண்டவ. இனி உங்கடை பாடு, அவவின்ரை பாடு" என்று போனை வைத்துவிட்டேன். ஓஃப் பண்ணியும் போட்டேன்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டேனே, இரண்டும் இப்படியே இருந்துவிட்டால்? செடி பிழைத்து வீடு பிழைக்காமல் போனால்? அடுத்த நாள் காலை போனை மறுபடி ஓன் பண்ணி வைத்தும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் பஸ் ஏறினேன். இந்த முறை சிவப்புச் சேலை.

நான் குசினிக்குள் நுழைந்து பத்து நிமிடம் இருக்காது. தவமணி புட்டு இறக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கதைக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. யார் முதலில் வாய் திறப்பது என்கிற வீம்பு. அப்போது பின்கதவடியில் குணம் அண்ணை வந்து நின்றார். காலெல்லாம் செம்மண். என்னை அவர் காணவே இல்லை.

"இஞ்சரும்..." என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மிளகாய்க்குள்ளை ஒரு கண்டு வெள்ளை அடிச்சிருக்கு. நான் பிடுங்கேல்லை. நோயோ வடிவோ எண்டு ஒருக்கா வந்து பாத்துச் சொல்லும்."

தவமணி புட்டை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நானும் பின்னால் போனேன். வரம்பில் குந்தி, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குணம் அண்ணை தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்திரையிலிருந்து பூட்டியிருந்த வாய் கடைசியில் திறந்தது.

"நோய்தான். பிடுங்கிப்போட்டுச் சாப்பிட வாங்கோ."